ரெஜி ஷ்வார்ஸ்: கூக்ளி வீரர், மேஜர் – சில சந்தேகங்கள்

மிட்ஆஃப்:
ரெஜி ஷ்வார்ஸ் பற்றிக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று இடத்தில் இடிக்கிறது. இங்கிலாந்துக்கு ரக்பி ஆடியவர் தென்னாப்பிரிக்காவுக்கு டெஸ்ட் ஆடியது எப்படி? லெக் பிரேக்கே (வலது கை பேட்ஸ்மேனை விட்டு வெளியே திரும்பும் சுழல்பந்து) போடாமல் கூக்ளி (அதே பாணியில் வந்து உள்ளே திரும்பும் பந்து) மட்டும் போட்டால் பேட்ஸ்மேன் ஏன் ஏமாற வேண்டும்? முதல் உலகப் போரில் கொல்லப்பட்டார் என்கிறார்கள். ஆனால் இறந்த தேதி சண்டை நின்ற பிறகு வருகிறதே?

சுழலன்:
முதலாவது சுலபம். 1875ல் லண்டனையொட்டிய லீயில் பிறந்தவர். கேம்பிரிட்ஜ், மிடில்செக்ஸ், கூடவே இங்கிலாந்துக்கு மூன்று ரக்பி ஆட்டங்கள். ஆனால் இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் டெஸ்ட் ஆடியதே இல்லை, அதனால் தடையும் இல்லை. 1902ல் தென்னாப்பிரிக்கா போய், சுரங்க முதலாளி ஏப் பெய்லியிடம் செயலாளரானார். ஆட்ட விதிகளை நாடுகள் கூடிப் பேச இம்பீரியல் கிரிக்கெட் கான்ஃபரன்ஸ் வந்ததே 1909ல்தான். அதற்கு முன்கை எடுத்தவரும் இதே பெய்லிதான்!

கூக்ளி மிடில்செக்ஸ் தோழர் போசன்கேயிடம் கற்றது. 1904 இங்கிலாந்துப் பயணத்தில் போட்டுப் பார்த்து, பிறகு தென்னாப்பிரிக்க அணித் தோழர்கள் ஃபாக்னர், வோக்லர், கோர்டன் வைட் மூவருக்கும் சொல்லிக்கொடுத்தார். 1905-06ல் தென்னாப்பிரிக்கா இங்கிலாந்தை 4-1 என்று தொடரில் வென்றது. ஐந்து டெஸ்டிலும் அதே பதினொரு பேர்.

இரண்டாவது கேள்விதான் ருசி. பிடி லெக் பிரேக் பிடியேதான்: ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலுக்குக் குறுக்கே, மோதிர விரல் மடங்கி பந்தின் பக்கவாட்டில். விடும்போது மணிக்கட்டு கூடுதலாகத் திரும்பி, புறங்கை பேட்ஸ்மேனைப் பார்க்கும். பந்து சுண்டுவிரல் பக்கமாக வெளியேறும். திருப்பம் போதாவிட்டால் பந்து நேராகப் போகும். முன் தோள் சீக்கிரம் சரிந்தால் லாங் ஹாப் (அடிக்க வசதியாகக் குட்டையாக விழும் பந்து), வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். இன்னொரு வினை: இதையே போட்டுக்கொண்டிருந்தால் மணிக்கட்டு இதற்கே பழகி லெக் பிரேக் தொலையும்.

ஷ்வார்ஸ் போட்டால் பந்து உள்ளேதான் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு வரும், எவ்வளவு எழும் என்பதுதான் தெரியாது. மேல்சுழல் கலந்திருப்பதால் எதிர்பார்த்ததற்கு முன்பே இறங்கி, விழுந்த வேகத்தில் எகிறும். கயிற்றுப் பாய் விரித்த பிட்சில் இது இன்னும் மோசம். பாயை இறுக்கிக் கட்டினால் எழுச்சி, தளர விட்டால் திருப்பம். ஆனால் 'எல்லாம் மேட்டிங் (பாய்) புண்ணியம்' என்பதை நான் ஏற்கமாட்டேன். 1907ல் இங்கிலாந்தின் புல்தரையில் 137 விக்கெட், விக்கெட்டுக்குச் சராசரி 11.79 ரன். அந்தக் கோடையில் மழை அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். 1910-11ல் ஆஸ்திரேலியாவில் அந்நாட்டு பேட்ஸ்மேன் ட்ரம்பர் எல்லோரையும் துவைத்தபோது வோக்லருக்கு 4 விக்கெட், இவருக்கு 25.

ஆவணப்பூச்சி:
மூன்றாவதற்கு: 'கொல்லப்பட்டார்' தவறு. முதலில் ஜெர்மன் தென்மேற்கு ஆப்பிரிக்காவில் (இன்றைய நமீபியா) சேவை. அங்கே ஜெர்மன் படை 1915 ஜூலையில் சரணடைந்த பின் இங்கிலாந்து வந்து கிங்ஸ் ராயல் ரைஃபிள் கோர் படைப்பிரிவில் சேர்ந்தார். மேஜர் பதவி, மிலிட்டரி கிராஸ் வீரப் பதக்கம், போர்க்காயங்கள். 1918 நவம்பர் 18 அன்று, சண்டை நின்ற ஏழாம் நாள், பிரான்ஸின் எடாப்லில் ஸ்பானிஷ் ஃப்ளூவில் இறந்தார். ராணுவ ஆஸ்பத்திரிகள் நெருங்கிக் கிடந்த இடம் அது. 10,000க்கு மேற்பட்ட கல்லறைகள் உள்ள இடுகாட்டில் அவருடையதும் ஒன்று.

இருந்தாலும் அவர் போரில் மாண்டவர் கணக்கில்தான் வருவார். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் முதல் உலகப் போருக்கு 1921 ஆகஸ்ட் 31 வரை கணக்கில் எடுக்கிறது. பணியில் இருக்கும்போது நோயில் இறந்தாலும் சேரும். அவர்கள் தளத்தில் தேடும்போது ஆங்கிலத்தில் (Schwarz) 'இசட்'டுக்கு முன் 'டி' போடாதீர்கள், பலர் தடுக்குவது அங்கேதான். முதற்பெயர் ரெஜினால்ட் ஆஸ்கர். வருடம் 1918, படைப்பிரிவு இரண்டையும் கொடுத்துச் சுருக்குங்கள். பிறகு பதக்க அட்டை, பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட் இரண்டையும் பாருங்கள். அதிகாரிகளின் கோப்புகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூஓ (போர் அலுவலகம்) 339, 374 வரிசைகளில் இருக்கும். 1940 குண்டுவீச்சில் நிறைய எரிந்ததால், சேவைப் பதிவுக்குப் பதில் கடிதக் கோப்புதான் பெரும்பாலும் கிடைக்கும்.

மிட்ஆஃப்:
நன்றி சார். மற்ற மூவரில் யாராவது போருக்குப் போனார்களா?

சுழலன்:
ஃபாக்னர் பீரங்கிப் படையில் இருந்து உயிரோடு திரும்பினார். வைட் 1918 அக்டோபரில் காயத்தால் காசாவில் இறந்தார். 1907 லீட்ஸ் டெஸ்டில் தென்னாப்பிரிக்காவை 99 ரன்னுக்கு 15 விக்கெட் எடுத்துச் சுருட்டிய இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் காலின் பிளைத்தும் 1917ல் பெல்ஜியத்தின் பாஷண்டேல் போர்முனையில் போய்விட்டார்.