சுடுமண் குழாயில் டென்செக்ரிட்டி: முனை ஏன் பிளக்கிறது?

குயவர்பாளையம்_களிமண்:
சுடுமண் குழாய் மூன்று, ஒன்றையொன்று தொடாமல் ஒன்பது கம்பியில் நிற்கணும். குழாய் அமுக்கத்தையும் கம்பி இழுப்பையும் தாங்கி நிற்கும் இந்த அமைப்புதான் டென்செக்ரிட்டி. வைக்கப்போவது புதுச்சேரி குருசுக்குப்பத்தில், கடலைப் பார்த்த மொட்டை மாடி. முனையில் துளை போட்டுக் கம்பி கோத்தால், இறுக்கும்போதே துளையிலிருந்து விளிம்பு வரை பிளக்கிறது. நைலான் நரம்பு போட்டால் உடையவில்லை, ஆனால் பத்தே நாளில் தொய்ந்துவிடுகிறது. அமெரிக்கச் சிற்பி ஸ்னெல்சன் 1968-லேயே 'நீடில் டவர்' என்று 18 மீட்டருக்கு நிறுத்தியிருக்கிறார், இங்கே அரை மீட்டருக்கே தகராறு. அளவு தப்பா, மண் தப்பா?

திருகாணி:
மண்மேல் பழி போடாதீங்க. ஸ்னெல்சன் போட்டது அலுமினியக் குழாய், துளை போட்டு இழுத்தாலும் தாங்கும். சுடுமண் அமுக்கத்துக்குத்தான் தாங்கும்.

குழாய்க்குள்ளே 8 மி.மீ. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) திரெட் ராடு, அதாவது மரை போட்ட தண்டு, விடுங்க. இரண்டு முனையிலும் ரப்பர் வாஷர், அகலமான இரும்பு வாஷர், ஸ்பிரிங் வாஷர், கடைசியில் வளைய நட். கம்பி வளையத்தில் மாட்டணும், மண்ணில் இல்லை. முனையை உப்புத்தாளில் சமமாகத் தேய்க்காவிட்டால் ஒரே புள்ளியில் பளு இறங்கி அங்கேயே சில்லு பெயரும். உள்ளே சிமென்ட் ஊற்றவே கூடாது. வெயிலில் ராடு மண்ணைவிட அதிகம் நீளும், ஒட்டியிருந்தால் மண்ணையும் சேர்த்து இழுக்கும்.

அளவு, வளையத்துக்கு வளையம்: குழாய் 60 செ.மீ., மேல் கீழ் முக்கோணக் கம்பி ஆறும் 34.6, மேலையும் கீழையும் இணைக்கும் பக்கக் கம்பி மூன்றும் 47. உயரம் 46 வரும். மேல் முக்கோணம் கீழ் முக்கோணத்தைவிட 30 டிகிரி திரும்பி நிற்கும், அதைக் கோணல் என்று நினைத்து நிமிர்த்தப் போகாதீங்க.

உப்புக்காத்து:
டர்ன்பக்கிள் (திருகிக் கம்பியை இறுக்கும் இணைப்பு) பக்கக் கம்பி மூன்றுக்கும் போதும். 49 செ.மீ. நீளத்தில் மாட்டி, ஒவ்வொன்றாகக் கால் சுற்று, முறை வைத்துத் திருகுங்க. 47 வந்ததும் சட்டென்று விறைக்கும். அதற்குமேல் திருகினால் கம்பி குறையாது, குழாய்தான் நொறுங்கும். தம்புரா மாதிரி மூன்றையும் சுண்டிப் பாருங்க, ஒரே சுருதி வரணும். முக்கோணக் கம்பியோடு ஒப்பிடாதீங்க, நீளம் வேற.

304 ரக ஸ்டெயின்லெஸ் கம்பி கடற்கரையில் டீக்கறை மாதிரி பழுப்பாகிவிடும். 316 ரகம் வாங்குங்க. தேங்காய்த்திட்டு பக்கம் படகுச் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்க. அலுமினிய ஃபெரூல் (கம்பி முனையை மடக்கி நசுக்கிப் பூட்டும் குழல்) மட்டும் வேண்டாம், ஸ்டெயின்லெஸ் கம்பியோடு உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும், முடிச்சு வெளியில் நன்றாகத் தெரியும்போதே உள்ளே கழன்றிருக்கும்.

குயவர்பாளையம்_களிமண்:
ராடு உள்ளே போனால் அது மண் சிற்பமா, இரும்புச் சிற்பமா?

திருகாணி:
ராடை மட்டும் நிறுத்திப் பாருங்க, 8 மி.மீ. ராடு வில்லாக வளையும். வளையாமல் பிடித்திருப்பது மண். ஆனால் பார்க்கிறவருக்கு அது தெரியணும், அதனால் நட்டை வண்ணம் பூசி மறைக்காதீங்க.

இன்னொன்று, சுடாத ஈர மண்ணில் 60 செ.மீ. வைத்தால் காய்ந்து சுட்டபின் 54 அளவுக்குச் சுருங்கும், மீதி வாஷரும் வளையமும். ஐந்து குழாய் சுட்டு, வளையாத மூன்றை எடுங்க.