பிரமிளா ஜெயபாலும் செல்வ ஏற்றத்தாழ்வும்: நிறைவேறாத மசோதாக்களை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி: முதுகலை மாணவி

அனைவருக்கும் வணக்கம். அரசியல் அறிவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பருவக் கட்டுரைக்கு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் பிரமிளா ஜெயபாலை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 1965இல் சென்னையில் பிறந்து, இந்தோனேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளர்ந்து, 16 வயதில் தனியாக அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர் அவர். வால் ஸ்ட்ரீட்டில் பெயின்வெபர் நிறுவனத்தில் நிதிப் பகுப்பாய்வாளராக இருந்தார். பிறகு பொதுச் சுகாதாரத்துக்கும் குடியேறிகள் உரிமைக்குமாகப் பல ஆண்டுகள் உழைத்தார். 2017 ஜனவரியிலிருந்து சியாட்டில் நகரம் அடங்கிய தொகுதியின் உறுப்பினர். 2021 முதல் 2025 தொடக்கம் வரை, ஏறக்குறைய நூறு பேர் கொண்ட முற்போக்கு உறுப்பினர் குழுவின் தலைவராகவும் இருந்தார்.

பொருளாதார ஏற்றத்தாழ்வைப் பற்றி இவ்வளவு விடாமல் பேசியவர் சிலரே. ஆனால் அவர் பெயரில் வந்த பெரிய மசோதாக்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோது எனக்கே திகைப்பாக இருந்தது. அனைவருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு (2019), பெருங்கோடீஸ்வரர்கள் மீதான சொத்து வரி (2021), கட்டணமில்லாப் பொதுக் கல்லூரி, இணையப் பெருநிறுவனங்களின் ஏகபோகத்தைப் பிரிக்கும் மசோதா ஆகிய எதுவும் சட்டமாகவில்லை. "பேச்சைக் கழித்துவிட்டால் இவர் கணக்கில் மிச்சம் என்ன?" என்று வழிகாட்டி கேட்டுவிட்டார். பதில் தெரியாமல் நின்றேன். இப்படிப்பட்ட ஒரு மக்கள் பிரதிநிதியின் பணியை எதை வைத்து அளப்பது?

பதில்: சியாட்டில்வாசி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சென்னையில் பிறந்தவர் என்பதால் இங்கே நம்மவர்கள் அவரைத் தமிழர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள், ஆனால் அவர் மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். கட்டுரையில் அந்தத் தவறு நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைநகர் வாஷிங்டனில் நிறைவேறாததை மட்டும் எண்ணினால், அவர் அங்கே போவதற்கு முன் நடந்தது விடுபட்டுப்போகும். 2013 இறுதியில், பதவியேற்கவிருந்த சியாட்டில் மேயர், வருமான ஏற்றத்தாழ்வு குறித்து ஆலோசனை சொல்ல ஒரு குழுவை அமைத்தார். தொழிற்சங்கத்தினரும் வணிகர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்த அந்தக் குழுவில் ஜெயபாலும் ஓர் உறுப்பினர். குறைந்தபட்ச மணிக்கூலியை 15 டாலராக உயர்த்த வேண்டும் என்பதைவிட, எத்தனை ஆண்டுகளில், யாருக்கு எவ்வளவு தவணை என்பதில்தான் பேச்சுவார்த்தை இழுபட்டது. 2014 ஜூன் 2 அன்று நகர்மன்றம் சட்டத்தை நிறைவேற்றியது. 2015 ஏப்ரல் 1இல் முதற்படி நடைமுறைக்கு வந்தது. 500 பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு ஓர் அட்டவணை, சிறு கடைகளுக்கு வேறோர் அட்டவணை. அந்தக் கூலி இப்போது 20 டாலரைத் தாண்டிவிட்டது. நாடு முழுவதற்குமான குறைந்தபட்சமோ 2009 ஜூலையிலிருந்து 7.25 டாலரிலேயே நிற்கிறது. எனவே இதை வெறும் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் மறுபக்கத்தையும் நான் வீட்டிலேயே பார்த்தேன். அப்போது என் தங்கை ஒரு காப்பிக் கடையில் பகுதிநேர வேலை பார்த்தாள். மணிக்கூலி ஏறிய சில வாரங்களில், சமையலறைக் கதவில் ஒட்டியிருந்த வார அட்டவணையில் அவளுடைய வியாழக்கிழமை மாலை இல்லாமல் போய்விட்டது. யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆளுக்கு ஒரு மாலையைக் குறைத்துக்கொண்டார்கள். வாரச் சம்பளம் ஏறத்தாழ பழையபடியே வந்தது. அந்த மாலையில் அவள் நகர எல்லைக்கு வெளியே வேறொரு கடைக்குப் போகத் தொடங்கினாள். 2017இல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குறைந்த கூலி வேலைகளில் மொத்த மணிநேரம் சுமார் 9 சதவீதம் குறைந்ததாக எழுதியபோது எனக்கு அந்த அட்டவணைதான் நினைவுக்கு வந்தது. அதே காலத்தில் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உணவகத் தொழிலை மட்டும் எடுத்துக்கொண்டு, கூலி ஏறியது, வேலை குறையவில்லை என்றார்கள். முதல் ஆய்வில் பல கிளைகள் உள்ள தொடர்கடைகள் சேர்க்கப்படவில்லை. நகருக்கு வெளியே சம்பாதித்ததும் கணக்கில் வரவில்லை. 2018இல் முதல் குழுவினரே மறுபடி ஆராய்ந்தபோது, ஏற்கெனவே அனுபவம் உள்ள தொழிலாளர்கள் ஓரளவு ஆதாயம் அடைந்ததாகச் சொன்னார்கள். கட்டுரையில் இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். ஒன்றை மட்டும் காட்டினால் உங்கள் வழிகாட்டி கண்டுபிடித்துவிடுவார்.

இன்னொரு காட்சி. 2020 ஜூலை 29 அன்று நாடாளுமன்ற விசாரணையில் அமேசான் தலைவர் ஜெஃப் பெசோஸ் காணொளி வழியாக முன்னிலையானார். அமேசானின் தலைமையகம் இருப்பது ஜெயபாலின் தொகுதியில்தான். தளத்தில் கடை விரித்திருக்கும் மூன்றாம் தரப்பு விற்பனையாளர்களின் தரவை எடுத்து அமேசான் தன் சொந்தச் சரக்குக்குப் பயன்படுத்துகிறதா என்று அவர் கேட்டார். அதற்கு எதிரான விதி எங்களிடம் இருக்கிறது, ஆனால் அது ஒருபோதும் மீறப்படவில்லை என்று உத்தரவாதம் தர முடியாது என்ற பொருளில் பெசோஸ் விடை சொன்னார். தன் தொகுதியின் மிகப்பெரிய முதலாளியிடம் இப்படிக் கேட்கும் உறுப்பினர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பதில்: வரிக் கணக்கர், மயிலாப்பூர்

அம்மா, ஒரு சொல் திருத்தம். "சொத்து வரி" என்று எழுதாதீர்கள். நம்மூரில் அது வீட்டுக்கு மாநகராட்சியில் கட்டுவது. நீங்கள் பேசுவது செல்வ வரி. நிகரச் செல்வத்தின் மீது, அதாவது கடன் போக மிச்சமுள்ள மொத்த உடைமையின் மீது ஆண்டுதோறும் போடுவது.

2021 மார்ச்சில் செனட்டர் எலிசபெத் வாரன், பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பிரெண்டன் பாயில் ஆகியோருடன் ஜெயபால் கொண்டுவந்த மசோதாவின் கணக்கு எளியது. 5 கோடி டாலர் வரை வரி இல்லை. அதற்கு மேல் 2 சதவீதம். 100 கோடி டாலருக்கு மேற்பட்ட பகுதிக்கு 3 சதவீதம். 8 கோடி டாலர் வைத்திருப்பவர் 3 கோடிக்கு மட்டும் வரி கட்டுவார்: 6 லட்சம் டாலர். 10,000 கோடி டாலர் வைத்திருப்பவருக்கு ஏறத்தாழ 299 கோடி டாலர் வரும். பத்தாண்டுகளில் சுமார் 3 லட்சம் கோடி டாலர் திரளும் என்று பொருளியலாளர்கள் சயேசும் சுக்மனும் மதிப்பிட்டார்கள்.

இதன் பின்னால் உள்ள நியாயத்தைப் புரிந்துகொள்ளாமல் விகிதத்தை மட்டும் எழுதிப் பயனில்லை. பங்கு விலை ஏறினாலும், விற்காதவரை அமெரிக்காவில் அது வருமானம் ஆகாது. ஆகவே பெரும் பணக்காரர் பங்கை விற்பதில்லை. அதை ஈடு வைத்துக் கடன் வாங்கிச் செலவு செய்கிறார். இறந்த பிறகு வாரிசின் கையில் அந்தப் பங்கின் அடக்கவிலை அன்றைய சந்தை விலையாகவே கொள்ளப்படுகிறது. அதுவரை ஏறிய இலாபத்துக்கு வருமான வரி யாரும் கட்டுவதில்லை. மாதச் சம்பளத்தில் பிடித்தம் போக வாங்குகிறவருக்கு இந்த வழி கிடையாது. வருமான வரியை எவ்வளவு உயர்த்தினாலும் இந்த ஓட்டை அடைபடாது என்பதுதான் ஜெயபால் தரப்பு வாதம். அதில் எனக்கு மறுப்பில்லை.

மறுப்பு வேறிடத்தில். பட்டியலிடப்பட்ட பங்குக்கு விலை உண்டு. பட்டியலில் இல்லாத குடும்ப நிறுவனத்துக்கும் சுவரில் தொங்கும் ஓவியத்துக்கும் ஆண்டுதோறும் யார் விலை போடுவது? பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியில் 1990இல் 12 நாடுகளில் செல்வ வரி இருந்தது. 2017இல் நான்கில்தான் மிச்சம். நம் நாட்டிலும் 1957இலிருந்து இருந்த செல்வ வரியை 2015 வரவுசெலவுத் திட்டத்தில் நீக்கினார்கள்; 2013-14இல் அதனால் கிடைத்தது சுமார் 1,000 கோடி ரூபாய்தான். நான் அந்தக் காலத்தில் படிவம் நிரப்பியவன். வாடிக்கையாளர் நகைக்குச் சொல்லும் மதிப்பும் அதே நகையைக் காப்பீடு செய்யும்போது சொல்லும் மதிப்பும் ஒரே தாளில் எனக்குக் கிடைத்ததே இல்லை. வாரன்–ஜெயபால் மசோதா இதை அறியாமல் எழுதப்பட்டதல்ல: வரித்துறைக்குக் கூடுதல் நிதி, 30 சதவீதத்துக்குக் குறையாத தணிக்கை, குடியுரிமையைத் துறந்து வெளியேறுபவருக்கு 5 கோடிக்கு மேற்பட்ட செல்வத்தில் 40 சதவீத வெளியேற்ற வரி எல்லாம் அதில் உண்டு. ஆனால் நேர்முக வரியை மாநிலங்களின் மக்கள்தொகைப்படி பங்கிட வேண்டும் என்ற அரசியலமைப்பு விதி குறுக்கே நிற்கிறது. வருமான வரிக்கு 1913இல் தனித் திருத்தம் தேவைப்பட்டது. செல்வ வரிக்கு அப்படி ஒன்று இல்லை.

பதில்: பழைய இடதுசாரி

கணக்கர் ஐயா சொன்னது மசோதாவைப் பற்றி. ஜெயபாலின் உண்மையான அதிகாரம் மசோதாக்களில் இருக்கவில்லை, ஓட்டுகளை நிறுத்திவைக்கும் வலிமையில் இருந்தது. ஆகவே 2021 நவம்பர் 5 இரவை வைத்துத்தான் அவரை அளக்க வேண்டும்.

அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சியின் கையில் இரண்டு மசோதாக்கள் இருந்தன. ஒன்று சாலை, பாலம், இணைய இணைப்பு பற்றியது; குடியரசுக் கட்சியினர் சிலரும் ஆதரித்து செனட்டில் ஏற்கெனவே நிறைவேறியது. மற்றொன்று குழந்தை பராமரிப்பு, மழலையர் கல்வி, குழந்தைகளுக்கான வரிச் சலுகைப் பணம், முதியோர் கவனிப்பு எல்லாம் அடங்கிய பெரிய மசோதா. முதலில் 3.5 லட்சம் கோடி டாலர் என்று பேசப்பட்டு, கடைசியில் பாதியாகச் சுருங்கியது. இரண்டும் சேர்ந்தே வர வேண்டும், இல்லாவிட்டால் முதலாவதற்கும் எங்கள் ஓட்டு இல்லை என்று ஜெயபால் செப்டம்பர் முதலே குழுவைக் கட்டிவைத்திருந்தார். சபாநாயகர் பெலோசி குறித்த நாளில் வாக்கெடுப்பு நடத்த முடியாமல் தள்ளிவைத்தார். முற்போக்குக் குழு அதுவரை காட்டாத வலிமை அது.

நவம்பர் 2இல் வர்ஜீனியா ஆளுநர் தேர்தலில் கட்சி தோற்றது. 5ஆம் தேதி நெருக்கடி முற்றியது. செலவு மதிப்பீடு வந்ததும் இரண்டாவதற்கு வாக்களிப்போம் என்று மிதவாதிகள் சிலர் எழுத்தில் தந்தார்கள். அதிபர் பைடன் தொலைபேசியில் பேசினார். நள்ளிரவை நெருங்கும் வேளையில் முதல் மசோதா 228–206 என்று நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த ஜனநாயகக் கட்சியினர் ஆறே பேர். ஜெயபால் ஆதரித்தார்.

எழுத்தில் தந்த மிதவாதிகள் வாக்கைக் காப்பாற்றினார்கள். நவம்பர் 19இல் பிரதிநிதிகள் சபையில் பெரிய மசோதா 220–213 என்று தேறியது. ஆனால் அந்தத் தாளில் அதே கட்சியின் செனட்டர் ஜோ மான்சினின் கையெழுத்து இல்லை; அவர் ஓட்டு இல்லாமல் செனட்டில் மசோதா தேறாது. டிசம்பர் 19 அன்று அவர் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் முடியாது என்றார். மசோதா அங்கேயே விழுந்தது. பிணையைக் கையில் வைத்திருந்த ஜெயபால், பணம் வருமுன் பிணையை விட்டுவிட்டார். எனக்கு அவர் மீது மரியாதை உண்டு. இந்தத் தவறை மறைக்க அது போதாது.

மீண்டும்: முதுகலை மாணவி

மூவருக்கும் நன்றி. இடதுசாரி அண்ணாவிடம் ஒரு கேள்வி. சபையில் தேறிய அந்தப் பெரிய மசோதாவிலேயே, மாநில வரிகளை வருமானத்தில் கழித்துக்கொள்ளும் உச்சவரம்பை 10,000 டாலரிலிருந்து 80,000 டாலராக உயர்த்தும் பிரிவு இருந்ததே? அதன் பலன் பெரும்பாலும் மேல்தட்டு வருமானக்காரர்களுக்குத்தான் போகும் என்று இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸே எதிர்த்தார். செல்வ வரி கேட்டவர் இதற்கும் ஆதரவாக வாக்களித்தது முரணில்லையா?

பதில்: சியாட்டில்வாசி

இடையே நுழைகிறேன், மன்னிக்கவும். முரண்தான், ஆனால் அவர் கேட்டு வாங்கியதல்ல. எங்கள் வாஷிங்டன் மாநிலத்தில் அப்போது தனிநபர் வருமான வரியே இல்லை. இந்தச் சலுகையை வலியுறுத்தியவர்கள் நியூயார்க், நியூஜெர்சி உறுப்பினர்கள். அவர்கள் ஓட்டு இல்லாமல் மசோதா இல்லை. அந்தப் பிரிவைக் காரணம் காட்டி எதிர்த்து வாக்களித்த ஜனநாயகக் கட்சிக்காரர் மெய்ன் மாநிலத்தின் ஜாரெட் கோல்டன் ஒருவரே.

இடதுசாரி நண்பர் சொன்ன தேதிகளோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 2021 ஜூலை 15 முதல், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மாதம் 300 டாலர், மூத்த குழந்தைக்கு 250 டாலர் என்று குடும்பங்களின் வங்கிக் கணக்குகளுக்கு நேராகப் பணம் வந்தது. ஆறு தவணைகள். கடைசித் தவணை டிசம்பர் 15. மான்சின் மறுத்தது அதற்கு நான்காம் நாள். உதவித்தொகைகளையும் சேர்த்துக் கணக்கிடும் அரசின் துணை வறுமை அளவீட்டின்படி 2021இல் குழந்தை வறுமை 5.2 சதவீதம், 2022இல் 12.4 சதவீதம். இந்தத் திட்டத்துக்காகப் பல ஆண்டுகள் வாதாடிய பெருமை கனெக்டிகட் மாநிலத்தின் ரோசா டெலாரோவுக்கு உரியது. அதை மேலும் ஓர் ஆண்டு நீட்டிக்கும் பிரிவு, ஜெயபால் விட்டுக்கொடுக்க மறுத்து, கடைசியில் நம்பிக்கையின் பேரில் விட்டுக்கொடுத்த மசோதாவில் இருந்தது. 2022 ஆகஸ்டில் மிச்சத்தைத் திரட்டி வந்த சட்டத்தில் பெருநிறுவனங்களுக்கு 15 சதவீதக் குறைந்தபட்ச வரி வந்தது. முதியோர் காப்பீட்டில் இன்சுலினுக்கு மாதம் 35 டாலர் உச்சவரம்பு வந்தது. குழந்தைகளுக்கான பணம் வரவில்லை.

மீண்டும்: முதுகலை மாணவி

கணக்கர் ஐயா, "சொத்து வரி" என்று இருந்த ஒன்பது இடங்களிலும் திருத்திவிட்டேன். சியாட்டில் அண்ணா சொன்ன இரண்டு ஆய்வுகளையும் நூலகத்தில் தேடப்போகிறேன். நவம்பர் 5 பற்றிய பகுதியை எந்தப் பக்கம் சாய்ந்து எழுதுவது என்று மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. எழுதியதும் இங்கேயே இடுகிறேன்.