புதுப்பிப்பு: ‘செவன் சாமுராய்’க்கு அப்புறம் ஓசு

போன மாதம் கேட்டிருந்தேன்: ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ (1954) படத்தை வீட்டில் இரண்டு இரவுகளாகப் பார்த்து முடித்தாயிற்று, அடுத்து என்ன பார்க்கலாம் என்று. பலரும் இன்னொரு ஜப்பானிய இயக்குநரான ஓசுவின் படங்கள் என்றீர்கள். நன்றி!

முதலில் ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953). அரை மணி நேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. பிறகுதான், கேமரா தரையோடு தாழ்ந்து, அசையாமல் உட்கார்ந்திருப்பது உறைத்தது. வயதான அப்பாவாக வரும் சிஷூ ரியூவுக்கு அப்போது 49 வயதுதானாம். அந்தத் தளர்ந்த நடையைக் கடைசிவரை நம்பினேன்.

நேற்று ‘லேட் ஸ்பிரிங்’ (1949). அம்மாவும் கூட உட்கார்ந்துவிட்டார். சப்டைட்டிலை நான்தான் வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். படத்தில் கியோத்தோ விடுதி அறை. கதையின் அப்பா தூங்கிவிட்டார். மகளாக வரும் செட்சுகோ ஹாரா படுத்தபடி மேலே பார்த்துப் புன்னகைக்கிறார். ஒரு பூச்சாடி. திரும்ப அவர் முகம், இப்போது கண் கலங்கப்போகிறது. மறுபடி அதே சாடி. அங்கே வாசிக்க எதுவுமே இல்லை. அம்மா, “அதைத் திரும்பப் போடு” என்றார். மூன்று முறை போட்டோம். வீட்டில் பார்ப்பதால்தான் இது வாய்த்தது.

அடுத்து எந்த ஜப்பானிய இயக்குநர், மிசோகுச்சியா, நாருசேவா? அம்மாவும் கேட்கிறார்.