மறு: ‘லிபெல்லுஸ்’ என்பதற்குத் தமிழ்ச் சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கி.பி. 250இல் உரோமைப் பேரரசின் மக்கள் தெய்வங்களுக்குப் படையலிட்டதற்கு அத்தாட்சியாக அதிகாரிகளிடம் ஒப்பம் பெற்றுக்கொண்ட ‘லிபெல்லுஸ்’ என்ற தாளுக்கு, இதுவரை மூன்று பெயர்கள் இங்கே முன்மொழியப்பட்டுள்ளன: ‘பலிச்சான்றிதழ்’, ‘விசுவாசத் துறப்புச் சான்று’, ‘இராச விசுவாசச் சீட்டு’. மூன்றுக்கும் அவரவர் சொன்ன காரணங்களை மதிக்கிறேன். ஆனால் அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்காமலே நாம் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றுவதால், சற்று விரிவாக எழுத நேர்கிறது.

பேரரசர் டெசியுஸ் 249இன் இலையுதிர்காலத்தில் ஆட்சிக்கு வந்தார்; 251இல் கோத்தியரோடு நடந்த போரில் மாண்டார். அந்தக் குறுகிய ஆட்சியில் அவர் பிறப்பித்த ஆணையின் விளைவான தாள்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்தின் மணலிலிருந்து கிடைத்துள்ளன. பெரும்பாலானவை ஃபாயூம் பகுதியில் தியாடெல்ஃபியா என்ற ஒரே ஊரைச் சேர்ந்தவை. 1893இல் முதலாவதாகப் பதிப்பிக்கப்பட்ட தாள் அலெக்சாந்துரு நேசோஸ் என்ற வேறோர் ஊரினது. “படையல்களை மேற்பார்க்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு” என்று அது தொடங்குகிறது. விண்ணப்பிப்பவர் அவுரேலியுஸ் டியோகெனேஸ், தகப்பனார் பெயர் சதபூஸ், வயது 72, அங்க அடையாளம் வலப் புருவத்தில் தழும்பு. தெய்வங்களுக்கு எப்போதும் படையலிட்டு வந்திருப்பதாகவும், இப்போது ஆணையின்படி அவர்கள் முன்னிலையிலேயே படையலிட்டு, மது வார்த்து, படைத்ததைச் சுவைத்திருப்பதாகவும் அவர் தன்மையிடத்திலேயே கூறிவிட்டு, இதற்குக் கீழே ஒப்பமிட்டுத் தருமாறு வேண்டிக்கொள்கிறார். அடியில் பேரரசரின் முழுப் பட்டப்பெயர்களோடு தேதி வருகிறது. நம் கணக்கில் அது 250 ஜூன் 26. தியாடெல்ஃபியாத் தாள்களில், “நீர் படையலிட்டதைக் கண்டோம்” என்று செரேனுஸ், ஹெர்மாஸ் என்ற இருவர் பெயரால் ஒரு வரி இருக்கும். ஹெர்மாஸ் தம் கையாலேயே ஒப்பமிட்டிருப்பார்.

ஊர் அலுவலகத்துக்கு மனு எழுதிப் பழகியவர்கள் எவருக்கும் இந்த வாசகத்தின் நடை புதிதாக இராது. இது அதிகாரி எழுதிக் கொடுத்த சான்றிதழ் அன்று. குடிமகன் தானே ‘செய்தேன்’ என்று எழுதிக் கொடுத்து, அதன் மேல் அதிகாரியின் கையொப்பத்தைப் பெறுகிற தாள். பெயர் வைக்கும்போது இந்த இரண்டு கைகளும் தெரிய வேண்டும் என்பதே என் முதல் கோரிக்கை.

‘விசுவாசத் துறப்புச் சான்று’ என்பதை நான் முற்றாக மறுக்கிறேன். தாளில் கிறித்து என்ற பெயரோ, கிறித்தவர் என்ற சொல்லோ, எதையும் துறந்ததாக ஒரு வரியோ கிடையாது. ஃபாயூமில் முதலை வடிவில் வழிபடப்பட்ட பெத்தேசூகோஸ் தெய்வத்தின் பூசாரிப் பெண் ஒருவர் பெற்ற தாளும் நமக்குக் கிடைத்திருக்கிறது. கோயில் பணியிலேயே இருந்த அந்த அம்மையார், தாம் தெய்வங்களுக்குப் படையலிட்டதாக அதிகாரியிடம் ஒப்பம் வாங்க வேண்டியிருந்தது! அவர் எந்த விசுவாசத்தைத் துறந்தார்? துறப்பைக் கேட்ட காலம் வேறு. ஏறத்தாழ 112இல் பித்தினியாவின் (இன்றைய வட துருக்கி) ஆளுநராயிருந்த பிளினி, கிறித்தவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர்களை விசாரித்து, தாம் கிறித்தவர் அல்லர் என்று மறுத்தவர்களைத் தம் முன்னே தெய்வங்களை வேண்டச் செய்தார். பேரரசர் டிராஜனின் உருவத்துக்குத் தூபமும் மதுவும் இடச் செய்தார். அதற்கு மேல் கிறித்துவைப் பழிக்கவும் செய்தார். அங்கே துறப்பு உண்டு. டெசியுஸின் ஆணையோ எல்லாரையும் கேட்டது. கிறித்தவர்கள் அந்த வலையில் அகப்பட்ட ஒரு கூட்டத்தார் மட்டுமே. திருச்சபை பிற்காலத்தில் அந்தத் தாளைத் துறப்பாகப் படித்தது உண்மை. அந்தப் பார்வைக்கு வேறு சொல் இருக்கிறது, பின்னால் வருகிறேன். ஆவணத்தின் பெயரிலேயே ஒரு தரப்பின் தீர்ப்பைத் திணிப்பது கலைச்சொல்லுக்கு அழகன்று.

‘இராச விசுவாசச் சீட்டு’ என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. அதை முன்மொழிந்த ஐயா, இந்த விவகாரத்தின் அரசியல் முகத்தைச் சரியாகவே பிடித்திருக்கிறார். தமிழில் ‘விசுவாசம்’ என்பது ஊழியக்காரன் எசமானிடம் காட்டுவதற்கும் கிறித்தவர் இறைவன்பால் கொள்வதற்கும் ஒரே சொல்லாக இருப்பது தற்செயல்தான் என்றாலும், இலத்தீன் ‘ஃபிதேஸ்’ என்பதிலும் அதே இரட்டைப் பொருள் உண்டு. முதல் நூற்றாண்டுகளில் மூண்ட மோதலே அந்த இரண்டு பொருள்களுக்கு இடையில்தான் மூண்டது. 180 ஜூலை 17 அன்று வட ஆப்பிரிக்கக் கார்த்தேஜில் ஆளுநர் சத்துர்னினுஸின் முன் நிறுத்தப்பட்ட சில்லியூர்க் கிறித்தவர்களின் விசாரணைப் பதிவு இதற்கு நல்ல சான்று. அவர்களுக்காகப் பேசிய ஸ்பெராத்துஸ் என்பவர், இந்த உலகத்தின் பேரரசைத் தாம் அறியமாட்டேன் என்கிறார்; அதே மூச்சில், தாம் திருடியதில்லை, எதை வாங்கினாலும் அதற்குரிய வரியைச் செலுத்துகிறேன் என்றும் சொல்கிறார். தொனாத்தா என்ற பெண், சீசருக்குச் சீசர் என்ற அளவில் மதிப்பு, அச்சமோ இறைவனுக்கு மட்டுமே என்கிறார். முப்பது நாள் அவகாசம் தருகிறேன், யோசியுங்கள் என்று ஆளுநர் சொன்னதையும் மறுத்து, பன்னிருவரும் தலை வெட்டப்பட்டனர். வரி கொடுக்கிறார்கள், கலகம் செய்யவில்லை, பேரரசரை மதிக்கவும் செய்கிறார்கள். அவருடைய நலத்தின் பேரில் சத்தியம் செய்வதையும் படையலிடுவதையும் மட்டும் மறுக்கிறார்கள். வாளேந்திய கலகக்காரனை எப்படி நடத்துவது என்று உரோமைக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் கீழ்ப்படிந்து ஒன்றுக்கு மட்டும் கீழ்ப்படியாதவனை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. ஆதித் திருச்சபை அரசதிகாரத்துக்கு விடுத்த அறைகூவல் இந்தச் சிறு மறுப்பில்தான் இருந்தது என்பது என் துணிபு.

ஆயினும் ‘இராச விசுவாசம்’ என்பதை ஆவணத்தின் பெயராக ஏற்க முடியவில்லை. டியோகெனேஸின் தாளில் பேரரசர் தேதி வரியில் மட்டுமே வருகிறார். படையல் பெற்றவை ‘தெய்வங்கள்’, அவையும் பெயர் சுட்டாமல். அரசனை வணங்கச் சொன்ன தாள் என்று நம் மாணவர்கள் எண்ணிக்கொள்வார்கள், அது பிழை. அரசியல் வேறோர் இடத்தில் ஒளிந்திருக்கிறது. கிடைத்த தாள்களில் மனுதாரர்கள் பெரும்பாலும் அவுரேலியுஸ், அவுரேலியா என்றே பெயர் தாங்கியிருப்பதைக் கவனியுங்கள். 212இல் காரகல்லா பேரரசின் சுதந்திர மக்கள் ஏறத்தாழ அனைவருக்கும் குடியுரிமை வழங்கியபோது, புதிய குடிமக்கள் அவருடைய குடும்பப் பெயரை ஏற்றார்கள். அதுவரை பலியும் பூசையும் ஊர்க்காரியம், நகரக்காரியம். எல்லாரும் குடிமக்கள் ஆன பிறகு, ஒவ்வொரு தனியாளும் படையலிட்டாரா என்று மையஅரசு கேட்கவும், அதற்கு வயதும் தழும்பும் குறித்த தாள் தரவும் முடிந்தது. வரி கணக்கெடுக்கப் பழகிய எழுத்தர்களின் கை, முதன்முறையாக வழிபாட்டைக் கணக்கெடுத்தது. எனவே ‘சீட்டு’, ‘முறி’, ‘ஓலை’ போன்ற அலுவல் சொல் ஒன்று பெயரின் பின்பாதியில் இருந்தே ஆக வேண்டும்.

முன்பாதிக்கு ‘பலி’யா, ‘படையலா’? பலிச்சான்றிதழை முன்மொழிந்த அம்மையார் கத்தோலிக்க வாசகர்களை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்களுக்குப் பலி என்றால் ஞாயிறு காலைத் திருப்பலிதான். ‘பலிச்சான்று’ என்றதும் பங்கு அலுவலகத்தில் தருகிற ஏதோ ஒரு தாள் என்று நினைப்பார்கள். மேலும் டியோகெனேஸ் சொல்வது மூன்று செயல்கள்: படைத்தல், வார்த்தல், சுவைத்தல். தமிழில் படையல் என்ற ஒரே சொல்லில் மூன்றும் அடங்கும். படைத்த பின் உண்ணாமல் விடுகிற படையல் நம் ஊர்களில் ஏது? விவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு, மது வார்ப்பதை ‘நீர்மப் படையல்’ என்றே சொல்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தில் சிலைகளுக்குப் ‘படைக்கப்பட்டவை’ என்று பழைய, புதிய மொழிபெயர்ப்புகள் இரண்டும் எழுதுகின்றன. டெசியுஸ் காலத்துக் கிறித்தவரின் மனச்சான்றை உறுத்தியதும் இதே ‘படைக்கப்பட்டது’தான்.

பின்பாதிக்கு நான் ‘முறி’யை முன்வைக்கிறேன். ஒருவர் தாமே எழுதிக் கொடுத்துத் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் ஆவணத்துக்குத் தமிழில் நெடுங்காலமாக வழங்கிய சொல் அது. தமிழ்நாட்டில் வழக்கொழிந்துவிட்டது என்று எதிர்ப்பு வரலாம்; ஆனால் இலங்கையில் கடன்பத்திரத்தைக் குறிக்கும் ‘பிணைமுறி’ இன்றும் நாளிதழ்களின் முதற்பக்கத்தில் அடிபடுகிற சொல். ‘சான்றிதழ்’ என்றால் கொடுப்பவரின் குரல் மட்டும் கேட்கிறது. ‘விண்ணப்பம்’ என்றால் கேட்பவரின் குரல் மட்டும். முறியில் எழுதிக் கொடுத்தவரும் சாட்சிக் கைச்சாத்திட்டவரும் சேர்ந்தே இருப்பார்கள். ஆக, ‘படையல் முறி’. புணர்ச்சி விதிப்படி ‘படையன்முறி’ என்றாக வேண்டும் என்று இலக்கணம் அறிந்த நண்பர்கள் சொல்வார்கள் என்பது தெரியும். வகுப்பறையில் படிக்கப்போகும் பிள்ளைகளுக்காகப் பிரித்தே எழுதுவோம்.

இதற்குள் ஒரு சிக்கலை யாரும் எழுப்பவில்லை. இலத்தீனில் லிபெல்லுஸ் என்பது ‘சிறு ஏடு’. எந்த மனுவுக்கும் அதுதான் பெயர். பிளினியின் கடிதத்தில், பலருடைய பெயர்களை எழுதி யாரோ ஒருவர் கையொப்பமின்றி ஒட்டிய தாளும் லிபெல்லுஸ்தான். அதற்கு நாம் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை, ‘மொட்டைக் கடுதாசி’ என்று இருக்கிறது. அத்தகையவற்றை எந்த வழக்கிலும் ஏற்கக் கூடாது, அது நம் காலத்துக்கு ஒவ்வாத கெட்ட முன்மாதிரி என்று டிராஜன் மறுமொழி எழுதினார். மூன்றாவது வகைதான் கடினமானது. கார்த்தேஜில், படையலிட மறுத்துச் சிறையிலிருந்த கிறித்தவர்கள், படையலிட்டுவிட்டுத் திரும்பி வர விரும்பியவர்களுக்குப் பரிந்துரைத் தாள்கள் கொடுத்தார்கள். அவற்றுக்கும் லிபெல்லுஸ் என்றே பெயர். அரசு கொடுத்த தாளும், அரசை மறுத்தவர்கள் கொடுத்த தாளும் ஒரே பெயரில்! “இன்னாரும் அவரைச் சேர்ந்தவர்களும்” என்று பொத்தாம்பொதுவாக எழுதப்பட்ட தாள்களும் இருந்தன. இருபது முப்பது பேர் அந்த ஒரே தாளைக் காட்டி உள்ளே வரலாமே என்று கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் கடிந்துகொண்டார். மறைவிடத்திலிருந்து சபையை நடத்திக்கொண்டிருந்த ஆயருக்கும், சிறையில் துன்புற்று மக்களின் மதிப்பைப் பெற்றிருந்தவர்களுக்கும் இடையே யார் சொல் செல்லும் என்ற போட்டி அது. பேரரசுக்கு எதிரான மறுப்பு சபைக்குள்ளேயே ஓர் அதிகாரப் பூசலைக் கிளப்பிவிட்டது என்பதை நம் பாடநூல்கள் மழுப்பாமல் எழுத வேண்டும். இந்த மூன்றாம் வகைக்குச் ‘சமாதான ஓலை’ என்று இடலாம். ‘முறி’ வேண்டாம், ஏனெனில் இங்கே எழுதுபவர் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளவில்லை, பிறருக்காகப் பேசுகிறார்.

டெசியுஸுக்கு எது அச்சமூட்டியது என்பதற்கும் சிப்ரியானே சாட்சி. உரோமை ஆயர் ஃபாபியான் 250 ஜனவரி 20இல் மாண்ட பின் ஓராண்டுக்கு மேல் அந்த இருக்கை வெறுமையாக இருந்தது. தமக்கு எதிராகப் போட்டிப் பேரரசர் ஒருவர் கிளம்பினார் என்ற செய்தியைக்கூட டெசியுஸ் பொறுத்துக்கொள்வார், உரோமையில் ஓர் ஆயர் ஏற்படுத்தப்பட்டார் என்பதைப் பொறுக்கமாட்டார் என்று சிப்ரியான் ஒரு கடிதத்தில் எழுதுகிறார். மிகைப்படுத்தல் இருக்கலாம், ஆயினும் அக்காலக் கிறித்தவர் தம் சபையை எந்த எடைக்கு நிறுத்துப் பார்த்தார்கள் என்பது அதில் தெரிகிறது.

மற்ற சொற்களைச் சுருக்கமாக முடிக்கிறேன். ஆணைக்குப் பணிந்துவிட்ட கிறித்தவர்களான ‘லாப்சி’ எனப்பட்டோருக்கு ‘மறுதலித்தோர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மறுதலித்தல், இயேசுவை அறியேன் என்று சொன்ன பேதுருவோடு ஒட்டிப்போன சொல், வாயால் சொல்வது. இவர்கள் பலர் வாய் திறக்காமலே தூபமிட்டவர்கள். ‘வழுவியோர்’ போதும். அவர்களுக்குள் ‘படைத்தோர்’, ‘தூபமிட்டோர்’ என்ற இரு பிரிவுகளில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. விசுவாசத்துக்காக உயிர்விட்டவரைக் குறிக்கும் ‘மார்ட்டிர்’ என்பதற்கு வேதசாட்சி, மறைசாட்சி, இரத்தசாட்சி என மூன்றும் அந்தந்தச் சபையாரிடம் வழக்கில் இருப்பதால் நாம் தலையிட வேண்டாம்.

எஞ்சுவது ‘லிபெல்லாத்திசி’, அதாவது படையலிடாமலே அதிகாரிக்குப் பணம் கொடுத்து முறியை மட்டும் பெற்றவர்கள். தாம் கிறித்தவர், பீடத்தை அணுகக் கூடாது, அதைச் செய்யாமல் இருப்பதற்காகவே பணம் கொடுக்கிறோம் என்று அவர்கள் சொன்ன சமாதானத்தைச் சிப்ரியான் பதிந்து வைத்திருக்கிறார். 251இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் இவர்களைப் படைத்தோரோடு ஒன்றாக வைக்காமல், தவமுயற்சிக்குப் பின் ஏற்றுக்கொள்ள இசைந்தார்கள். ‘முறி பெற்றோர்’ என்றால் டியோகெனேஸும் முதலைத் தெய்வத்தின் பூசாரிப் பெண்ணும் அதில் அடங்கிவிடுவார்கள். ‘முறி வாங்கியோர்’ என்று வைத்தால், கைநீட்டிப் பெற்றதும் விலை கொடுத்துக் கொண்டதும் ஒருசேர அதில் நிற்கும். மறுப்பு இருப்பவர்கள் வரும் வாரத்துக்குள் எழுதினால் நம் கலைச்சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் குழும உறுப்பினன்