எக்ஸ்ட்ரேனியஸ் ரூட்: கூடுதல் மூலமா, செருகுமூலமா?

கடலூரிலிருந்து:
'எக்ஸ்ட்ரேனியஸ் ரூட்' (தீர்க்கும் வழியில் நுழைந்துவிடும், ஆனால் முதலில் தந்த சமன்பாடு ஏற்காத மூலம், அதாவது தீர்வு) என்பதற்குக் 'கூடுதல் மூலம்' என்றே பத்தாம் வகுப்புக் குறிப்பில் போட்டுவிடலாமா? கணக்கு இது: √(அ + 3) = அ − 3. இருபுறமும் வர்க்கப்படுத்தினால் அ + 3 = அ² − 6அ + 9. அதாவது அ² − 7அ + 6 = 0; காரணிகள் (அ − 1)(அ − 6). 6 சரி. 1-ஐப் பிரதியிட்டால் இடப்பக்கம் 2, வலப்பக்கம் −2. பிள்ளைகள் இரண்டையும் விடை என்று எழுதிக் கோடு போட்டுவிடுகிறார்கள்.

புதுச்சேரியிலிருந்து:
'கூடுதல்' வேண்டாம் ஐயா. இங்கே மூலங்களின் கூடுதல் (கூட்டுத்தொகை) 7, கூடுதல் மூலம் 1 என்று கரும்பலகையில் எழுதிப் பாருங்கள், வகுப்பே குழம்பும். 'மிகை மூலம்' என்றால் நேர்க்குறி மூலம் என்று எடுத்துக்கொள்வார்கள். 'வெளிமூலம்' சித்த வைத்தியர் சொத்து! 'போலி'யும் சரியில்லை; அ² − 7அ + 6 = 0 என்பதற்கு 1 அசல் மூலமே.

கோளாறு வர்க்கப்படுத்தும் வரியில். 2, −2 இரண்டின் வர்க்கமும் 4. குறி அங்கே தொலைகிறது. உடனே √(அ + 3) = −(அ − 3) என்ற வேறொரு சமன்பாட்டின் மூலமும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஏட்டில் பிற்காலப் பாட்டு நுழைந்தால் இடைச்செருகல் என்கிறோம் அல்லவா? அதனால் 'செருகுமூலம்'. கண்டுபிடிக்கும் வழியும் அதேதான்: மூலபாடத்தோடு ஒப்பிட வேண்டும்.

பண்ருட்டியிலிருந்து:
'ஒட்டுமூலம்' சொல்ல வந்தேன். ஆனால் ஒட்டுக்கன்றில் ஒட்டுதான் வேண்டியது, அதற்குக் கீழே துளிர்ப்பதைத்தான் கிள்ளுவோம். செருகுமூலமே இருக்கட்டும். ஒரு சந்தேகம்: 24 கி.மீ. பாதை, வேகத்தை மணிக்கு 4 கி.மீ. கூட்டினால் 12 நிமிடம் மிச்சம். 24/வ − 24/(வ + 4) = 1/5. சுருக்கினால் வ² + 4வ − 480 = 0; மூலங்கள் 20, −24. இந்த −24-உம் செருகுமூலமா?

புதுச்சேரியிலிருந்து:
இல்லை. −24-ஐ முதல் சமன்பாட்டிலேயே இட்டுப் பாருங்கள்: −1 + 1.2 = 0.2. சமன்பாடு ஏற்கிறது, வேகம்தான் ஏற்கவில்லை. அதற்குப் 'பொருந்தா மூலம்' என்று தனிப்பெயர் வைப்போம். நீக்கும் காரணமும் வேறு என்பதால் விடைத்தாளில் 'வேகம் குறை எண் ஆகாது' என்று எழுத வேண்டும். செருகுமூலத்தை வர்க்கப்படுத்தும் முன்பே பிடிக்கவும் முடியும்: √ குறை எண்ணைத் தராது, ஆகவே அ ≥ 3. இதை முதல் வரியாக எழுதச் சொன்னால் 1 தானாக விழும்.

கடலூரிலிருந்து:
சரி, செருகுமூலம். அ² = 5அ என்பதை அ-ஆல் வகுத்து 0-ஐத் தொலைக்கிறார்களே, அதை 'விடுமூலம்' எனலாமா?