மூக்கு வழி வடியும் மூளைநீர்: நிலைக்கும் சோதனைக்கும் கலைச்சொல் தேவை

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். நோயாளிகளுக்கான கையேடு நாளை காலை அச்சுக்குப் போகிறது. மண்டையோட்டின் அடித்தளத்தில் விரிசல் விழுந்து, மூளையைச் சூழ்ந்த திரவம் மூக்கு வழியாகச் சொட்டும் நிலைக்குச் சொல் வேண்டும். அந்தச் சொட்டைப் பிடித்துச் செய்யும் பரிசோதனைக்கும் வேண்டும். இப்போதைக்கு 'மூளைத் தண்டுவடத் திரவ நாசி ஒழுக்கு' என்று போட்டிருக்கிறேன். வாசிக்கவே மூச்சு வாங்குகிறது.

தமிழாசிரியர்:
திரவம், நாசி இரண்டும் வடசொற்கள். 'மூளைநீர் மூக்கொழுக்கு' போதும். ஒழுகு என்ற அடியிலிருந்தே ஒழுக்கு, ஒழுக்கம் இரண்டும் பிறந்தன. நீர் தன் வழியே ஓடுவது ஒழுக்கு. மாந்தர் நெறிவழி நடப்பது ஒழுக்கம். இவ்வளவு வளமான வேரை விடக்கூடாது.

காது மூக்கு தொண்டை மருத்துவர்:
ஐயா, வேர் வளமானதுதான். ஆனால் மூக்கொழுக்கு என்றதும் சளி என்று அசட்டையாக இருந்துவிடுவார்கள். இது பெரும்பாலும் ஒரு பக்கத் துளையில் மட்டும், தண்ணீர்போலத் தெளிவாக வரும், குனிந்தால் கூடும், தொண்டையில் இறங்கினால் உப்புக் கரிக்கும். அதே ஓட்டை வழியாகக் கிருமி ஏறினால் மூளையுறை அழற்சி. 'கசிவு' என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்பது உடனே உறைக்கும். 'மூளைநீர்க் கசிவு' என்றே வையுங்கள்.

தமிழாசிரியர்:
கசிவு மெல்ல ஊறுவது. குனிந்ததும் சொட்டுச் சொட்டாக விழுவதை அப்படிச் சொல்வது பொருந்தாது.

ஆய்வக வல்லுநர்:
சோதனையின் பெயரில் 'சர்க்கரை' வரவே கூடாது. மூளைநீரில் சர்க்கரை உண்டு என்பதால் குளுக்கோஸ் பட்டையை நனைத்துப் பார்ப்பது பழைய வழக்கம். இரத்தம் கலந்தாலும், நீரிழிவு இருந்தாலும் சாதாரண மூக்குநீரிலும் சர்க்கரை தெரியும். மூளையுறை அழற்சியில் மூளைநீரிலேயே சர்க்கரை குறைந்துவிடும். துணியில் இரத்தத்தைச் சுற்றித் தெளிந்த வளையம் விழுவதையும் நம்ப முடியாது. குழாய்த் தண்ணீர் கலந்த இரத்தமும் அதே வளையத்தைத் தரும்.

நம்பத் தகுந்தது பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான். மூளையில் உள்ள நியூரமினிடேஸ் நொதி சாதாரண டிரான்ஸ்ஃபெரினிலிருந்து சியாலிக் அமிலத்தை வெட்டிவிடுவதால் உருவாகும் வடிவம் இது. சளியிலும் கண்ணீரிலும் இருக்காது. ஆனால் உள்காதின் நீரிலும் கண்ணின் உள்நீரிலும் உண்டு. நாள்பட்ட கல்லீரல் நோயில் இரத்தத்திலும் தென்படலாம். அதனால்தான் கூடவே இரத்த மாதிரியும் கேட்கிறோம்.

தமிழாசிரியர்:
டிரான்ஸ்ஃபெரின் இரும்பைச் சுமப்பது. 'இரும்பேந்தி' எனலாமே? மலையேந்தி, படையேந்தி போல.

ஆய்வக வல்லுநர்:
அழகான சொல். ஆனால் இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டினும் இரும்பை ஏந்துவதுதான், இரண்டும் குழம்பும். அறிக்கையில் அச்சாகும் பெயரே கையேட்டிலும் இருக்கட்டும்.

பாடநூல் தொகுப்பாளர்:
'மூளைநீர்' என்றால் தண்டுவடம் விடுபடுகிறதே. முதுகில் ஊசி போட்டு எடுப்பதும் இதே நீர்தான். பள்ளி நூலில் 'மூளைத் தண்டுவட நீர்' என்று படித்த மாணவர் குழம்புவார். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:
நேரமாகிவிட்டது. பெரும்பான்மைப்படி நிலைக்கு 'மூக்குவழி மூளைநீர்க் கசிவு', சோதனைக்கு 'மூளைநீர் அறி சோதனை'. முதல் இடத்தில் மட்டும் 'மூளைத் தண்டுவட நீர்' என்று முழுமையாகத் தருகிறேன்.

தமிழாசிரியர்:
'மூளைநீரறி சோதனை' என்று சேர்த்து எழுதுங்கள். கசிவுக்கு நான் உடன்படவில்லை.

ஆய்வக வல்லுநர்:
கையேட்டில் 'சளி மாதிரி' என்று இருப்பதை 'மூக்குநீர் மாதிரி' என்று மாற்றுங்கள். பஞ்சில் ஒற்றி அனுப்பினால் நீர் பஞ்சிலேயே தங்கிவிடும். முன்னால் குனிந்து, மூடியுள்ள சுத்தமான குப்பியில் நேராகச் சொட்டவிட வேண்டும். 1 மில்லிலிட்டர் கிடைத்தால் நல்லது. உடனே அனுப்ப முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் வைக்கவும். கசிவு விட்டுவிட்டு வருமென்பதால், ஒருமுறை இல்லை என்று வந்தாலும் மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும். இந்த வரியை விட்டுவிடாதீர்கள்.