களத்துல இடம் இருந்தாத்தான் அவிப்போம்

செக்காலைக்காரன்:

லீன் முறையில, அதாவது விரயத்தைக் குறைச்சு வேலை தேங்காம ஓட வைக்கிற டொயோட்டா வழியில, மென்பொருள் செஞ்ச அனுபவம் இருக்கிறவங்க இந்தப் பக்கத்துல எழுதுங்கன்னு கேட்டிருந்தீங்க. எனக்கு அதைக் கத்துக்கொடுத்தவர் புதுவயல்ல அரிசி ஆலை வச்சிருக்கிற ஒரு பெரியவர். அவர் அந்தப் பேரைக் கேள்விப்பட்டதே கிடையாது.

காரைக்குடியில நாங்க ஏழு பேர். அரிசி ஆலைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறோம். நெல் கொள்முதல், எடைமேடை ரசீது, அரிசி, குருணை, தவிடு, உமி எல்லாம் அதுல வரும். நாலு வருசத்துக்கு முன்னாடி அந்தப் பெரியவர் ஒரு சின்ன மாற்றம் கேட்டார். எடைமேடை ரசீதுல லாரி நம்பருக்குக் கீழே சாக்கு எண்ணிக்கையும் அச்சாகணும். அவ்வளவுதான். அது அவர் கைக்குப் போய்ச் சேர 41 நாள் ஆச்சு.

போய் மன்னிப்புக் கேட்டேன். கோபப்படுவார்னு பயந்துதான் போனேன். அவர், "அப்படி என்ன தம்பி வேலை அதுல?"ன்னு கேட்டார். உண்மையிலேயே தெரிஞ்சுக்கிற ஆசையில கேட்ட கேள்வி அது. என்னால பதில் சொல்ல முடியலை. ராத்திரி உட்கார்ந்து பழைய பதிவுகளை எல்லாம் எடுத்து நாள் நாளா எழுதிப் பார்த்தேன். தொடங்கினதாப் பேர் பண்ணிட்டு யாரும் தொடாம கிடந்தது 11 நாள். கோடு, அதாவது நிரல், எழுதினது ஒரு நாள், அதுலயும் மூணு மணி நேரம்தான். இன்னொருத்தர் பார்த்துச் சரின்னு சொல்லக் காத்திருந்தது 9 நாள். டெஸ்டிங்குக்குக் காத்திருந்தது 4 நாள், டெஸ்டிங் ஒரு நாள். முடிஞ்ச மாற்றங்களை மொத்தமா வாடிக்கையாளருக்கு அனுப்புற மாசக் கடைசி ரிலீஸ் வரைக்கும் தூங்கினது 15 நாள். எங்க ஏழு பேர்ல ஒருத்தர்கூட அந்த 41 நாள்ல சும்மா இருக்கலை. எல்லாரும் ராத்திரி எட்டு மணி வரைக்கும் வேலை பார்த்தோம். ஆனா அந்த வேலை மட்டும் கிடந்துச்சு.

மறுநாள் அந்தத் தாளை எடுத்துக்கிட்டு மறுபடியும் ஆலைக்குப் போனேன். அப்ப களத்துல நெல் காய்ஞ்சுக்கிட்டிருந்தது. ஊறல் தொட்டி ஒண்ணு காலியா இருந்தது. நெல் மூட்டை கொட்டகை நிறைய இருக்கு, தொட்டி ஏன் காலியா கிடக்குன்னு கேட்டேன். "களத்துல இடம் இருந்தாத்தான் அவிப்போம் தம்பி. அவிக்கத் தோது இருந்தாத்தான் ஊறப்போடுவோம். ஊறின நெல்லைப் போட்டு வச்சா வாடை வந்துரும். அவிச்சதைக் காயப்போடாம அம்பாரமா குவிச்சா சூடேறி அரிசி நிறம் போயிரும். தொட்டி சும்மா இருக்கேன்னு ஊறப்போடுறவன் ஆலையை நடத்த முடியாது"ன்னார்.

பேருந்துல திரும்பி வர்ற வழியெல்லாம் அதே யோசனை. அன்னிக்கு எங்க வேலைகளை எழுதி வைக்கிற போர்டுல 'நடக்கிறது'ங்கிற கட்டத்துல 23 வேலை இருந்தது. ஏழு பேருக்கு 23. எங்க தொட்டி எப்பவும் நிறைஞ்சே இருந்தது. களத்தை யாரும் பார்க்கலை.

இதுக்கு ஒரு கணக்கு இருக்கு. வரிசையில காத்திருக்கிறதைப் பத்தி ஜான் லிட்டில்ங்கிற அமெரிக்க ஆய்வாளர் 1961ல நிறுவின விதி. கையில இருக்கிற வேலையோட எண்ணிக்கையை, வாரத்துக்கு எத்தனை முடிக்கிறோமோ அதால வகுத்தா, ஒரு வேலை உள்ளே வந்து வெளியே போகச் சராசரியா எத்தனை வாரம்னு தெரியும். நாங்க வாரத்துக்கு நாலு முடிச்சோம். 23ஐ நாலால வகுத்தா ஆறு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஏறக்குறைய 40 நாள். பெரியவரோட ரசீதுக்கு ஆன 41 நாளைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. எங்க திறமைக் குறைவுன்னு நான் நினைச்சு நொந்துக்கிட்டது வெறும் வகுத்தல் கணக்கு.

மென்பொருள் துறையைச் சேர்ந்த மேரி பாப்பெண்டீக்கும் டாம் பாப்பெண்டீக்கும் டொயோட்டா சொன்ன ஏழு விரயங்களை மென்பொருள் வேலைக்குப் பொருத்தி 2003ல ஒரு புத்தகம் எழுதினாங்க. அதுல முதல் விரயமே பாதியில நிக்கிற வேலைதான். தொழிற்சாலையில கிட்டங்கியில குவிஞ்சு கிடக்கிற சரக்கு எதுவோ, நம்ம தொழில்ல அது பாதி எழுதின கோடு. சரக்காவது கண்ணுக்குத் தெரியும். ஆலையில உமிகூடக் கொதிகலனுக்குப் போயிருது, தவிடு எண்ணெய்க்குப் போகுது. பாதிக் கோடு எதுக்கும் ஆகாது. மூணு வாரம் கழிச்சு அதைத் திறந்தா, எழுதினவனே முதல்ல இருந்து படிக்கணும்.

நாங்க செஞ்சது ரொம்பச் சின்ன மாற்றம். எழுதுற கட்டத்துல நாலு வேலைக்கு மேல கிடையாது, சரிபார்க்கிற கட்டத்துல ரெண்டு, டெஸ்டிங்ல ரெண்டு. ஒரு கட்டம் நிறைஞ்சிருந்தா முன்னாடி இருக்கிறவர் புதுசா எதையும் எடுக்கக் கூடாது. அடைச்சு நிக்கிற இடத்துக்குப் போய்க் கை கொடுக்கணும். மாசக் கடைசி ரிலீஸை விட்டுட்டு முடிஞ்சது முடிஞ்சதா அனுப்பினோம்.

முதல் மாசம் கொடுமையா இருந்தது. புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன், "அண்ணே, கை சும்மா இருந்தா கூச்சமா இருக்குண்ணே, எதாவது கொடுங்க"ன்னு வந்து நிப்பான். ஒரு வாடிக்கையாளர் தன் வேலையை ஏன் இன்னும் தொடங்கலைன்னு தினமும் போன்ல சத்தம் போட்டார். தொடங்கிட்டோம்னு ஒரு வார்த்தை சொன்னா அவருக்கு நிம்மதி. அந்த நிம்மதியைக் கொடுத்துக் கொடுத்துத்தான் 23 சேர்ந்தது. பொறுத்துக்கிட்டோம். இப்ப வேலையைக் கையில எடுத்தா பத்து நாளுக்குள்ள போய்ச் சேருது. ராத்திரி எட்டு மணி வேலையும் இல்லை.

தேவகோட்டை வாசகி:

நான் டெஸ்டிங்கில் இருக்கிறேன். எனக்கு இந்தப் பாடம் கிடைத்தது தறியில்.

காரைக்குடியில் எங்கள் பெரியம்மா கண்டாங்கிச் சேலை நெய்பவர். 2019ல் புவிசார் குறியீடு கிடைத்த அதே சேலை. ஒருமுறை விடுமுறைக்குப் போனபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாவில், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல்களில், ஒரே ஒரு இழை அறுந்தது. உடனே தறியை நிறுத்தி, அந்த இழையைத் தேடி எடுத்து, முடிச்சுப் போட்டு, விழுதில் கோத்த பிறகுதான் மறுபடியும் குறுக்கு நூலை ஓட்டும் நாடாவைத் தொட்டார். ஒரு இழைதானே என்றேன். "இப்பன்னா ஒரு முடிச்சோட போகும் தாயி. நாலு முழம் ஓடினப்புறம் பாத்தா சேலையே போச்சு" என்றார்.

டொயோட்டா முறையின் வேர் தறியில்தான் இருக்கிறது என்பதைப் பிறகு படித்தபோது சிலிர்த்துவிட்டது. சகிச்சி டொயோடா 1924ல் முடித்த தானியங்கித் தறி, இழை அறுந்தால் தானே நின்றுவிடும். அவர் மகன் தொடங்கியதுதான் கார் கம்பெனி. கோளாறு கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்தால் கார் வரிசையே நிற்கும் என்ற ஏற்பாடும் அதே எண்ணத்தில் பிறந்தது.

எங்கள் குழுவில் கோடு சேர்க்கும் ஒவ்வொரு முறையும் தானியங்கிச் சோதனைகள் ஓடும். ஒரு சோதனை தோற்றுத் திரையில் சிவப்பு வந்தால் எல்லாரும் நிறுத்த வேண்டும் என்பது விதி. ஒரு வெள்ளிக்கிழமை, "இது தெரிஞ்ச கோளாறுதான், திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்று விட்டோம். நானும் சரி என்றேன். அந்தச் சிவப்புக்கு அடியில் இன்னொரு கோளாறு மறைந்துகொண்டது. ஜிஎஸ்டி தொகையை முழு ரூபாயாக்கும் இடத்தில் பிழை. ஏற்கெனவே சிவப்பாக இருந்ததால் புதிய சிவப்பு யார் கண்ணிலும் படவில்லை. நாலு நாளில் அறுபதுக்கு மேல் பில் தவறாகப் போய்விட்டது. ஒவ்வொரு கடைக்கும் நானே போன் செய்து திருத்தச் சொன்னேன். பெரியம்மா சொன்ன நாலு முழம் அதுதான்.

புதுக்கோட்டை ரோடு:

ரெண்டு பேருக்கும் நன்றி. ஆனா நான் பார்த்த லீன் வேற. முன்னாடி இருந்த கம்பெனியில அந்தப் பேரைச் சொல்லி மூணு பேரை வீட்டுக்கு அனுப்பினாங்க. மிச்சம் இருந்தவங்க தலையில அவங்க வேலையும் விழுந்துச்சு. விரயம்னு அவங்க கண்ணுக்குத் தெரிஞ்சது ஆள்தான். அதுல இருந்து அந்த வார்த்தையைக் கேட்டாலே வயித்தைக் கலக்குது.

செக்காலைக்காரன்:

தம்பி, உங்க வருத்தம் நியாயமானது. அப்படிச் செஞ்சவங்க பாதியை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. டொயோட்டா 2001ல தன் வழியை எழுதி வச்சப்ப ரெண்டு தூண்னு சொன்னது, ஓயாத முன்னேற்றமும் மனுசங்களுக்கு மரியாதையும். கையில இருக்கிற வேலைக்கு வரம்பு போடுற கான்பான் முறை மென்பொருளுக்கு வந்த கதையும் நம்ம பக்கத்துலதான் நடந்தது. 2004ல மைக்ரோசாஃப்டோட ஒரு பராமரிப்புக் குழு ஹைதராபாத்துல இருந்தது. டேவிட் ஆண்டர்சன்ங்கிற மென்பொருள் மேலாளரோட யோசனைப்படி அங்கே செஞ்சது, ஒரே நேரத்துல கையில எடுக்கிற வேலையைக் கட்டுப்படுத்தினதும், ஒவ்வொரு வேலைக்கும் மதிப்பீடு போட்டு நேரத்தைக் கரைக்கிறதை நிறுத்தினதும். ஆளைக் குறைச்சு வந்த வேகம் கிடையாது அது.

கை சும்மா இருக்குன்னு கூச்சப்பட்டானே ஒரு தம்பி, அவனை ஒருநாள் முழுக்கப் பெரியவரோட எடைமேடையில உட்காரச் சொன்னேன். சும்மா பாரு, எதையும் எழுதாதேன்னு சொல்லித்தான் அனுப்பினேன். சாயங்காலம் வந்து சொன்னான், கணக்கப்பிள்ளை ஒவ்வொரு லாரி நம்பரையும் முதல்ல உள்ளங்கையில பேனாவால எழுதிக்கிறார்னு. எங்க திரை எடையை முதல்ல கேட்டுட்டு லாரி நம்பரைக் கடைசியிலதான் கேட்கும். அதுக்குள்ள லாரி மேடையை விட்டு இறங்கிப் போயிருக்கும். மூணு வருசமா அப்படியே எழுதிக்கிட்டிருந்திருக்கார், எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. மறுநாள் காலையில திரையில லாரி நம்பர் கட்டத்தை மேலே மாத்தினோம். மத்தியானம் அது அவர் திரையில இருந்தது.